ஆர்கெஸ்ட்ராவா, இருளர் ஆட்டமா?

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கோயில் நோம்பி வந்தால் கமிட்டியில் இந்தப் பேச்சு எழும். ஆர்கெஸ்ட்ரா என்றால் தெரிந்த பாட்டு, கூட்டம் நிற்கும், சரி. ஆனால் அங்கே பாடுகிற பெண், பட்டுச்சேலையில் மைக்கை விட்டு நகராமல் டூயட்டில் தன் வரிக்காகக் காத்து நிற்பார். முன்வரிசையில் அவர் குரலைவிட நிறத்தைப் பற்றிய பேச்சுதான் அதிகம் கேட்கும்.

அதே மாவட்டத்து மலைப்பகுதியான அட்டப்பாடியின் இருளர் பழங்குடிக் குழுவில் பொறை என்ற தோல்மேளமும் குழலும் தொடங்கியதும் ஆணும் பெண்ணும் வட்டமாகச் சுற்றுவார்கள். வயதான அம்மா ஒருவர் வெறுங்காலோடு முதல் அடி எடுத்துக் கொடுப்பார். அந்த மண்ணின் இருளர் பாடகி நஞ்சியம்மாவுக்கு 'அய்யப்பனும் கோஷியும்' மலையாளப் படப் பாட்டுக்காக 2022இல் தேசிய விருது அறிவித்தபோது, முறையாகச் சங்கீதம் படிக்காதவருக்கா என்று சிலர் கேட்டார்கள். எனக்கு அது இன்னும் வலிக்கிறது.

என் ஓட்டு இருளர் ஆட்டத்துக்குத்தான். அப்புறம், ஆர்கெஸ்ட்ராவுக்குப் பேசுகிற அதே தொகையை அவர்களுக்கும் பேசவேண்டும்.