இரண்டு காப்பு, ஒரு மந்திரம்: எது முதலில் போகும்?

பாலாற்று மணலில் நாங்கள் வேடம் கட்டி ஆடும் ஆட்டத்தில் மந்திரம் என்பது கம்புத் தானியம் கட்டிய துணிப் பொட்டலம். எறிந்து மேலே பட்டால் பலித்தது. பட்டவரிடம் மந்திரத்தை நிறுத்தும் 'தடுப்பு', எறிந்தவருக்கே அனுப்பும் 'திருப்பு' என இரண்டு பாதுகாப்பும் (காப்பு) இருந்தால் எது முதலில் செலவாகும்?

ஒரு வழி, பட்டவரே தேர்ந்தெடுக்கலாம். தந்திரத்துக்கு இடமுண்டு. ஆனால் போன ஞாயிறு ஒருவர் "இருப்பா, யோசிச்சிக்கிறேன்" என்றார். அதற்குள் நாலு பொட்டலம் முதுகில்.

இன்னொரு வழி, கடைசியாகப் போட்ட காப்பு முதலில் போகும். கடைசியாகப் போட்டதுதான் வெளிப்பக்கம், வேலூர்க் கோட்டை மாதிரிதான்: அகழியைத் தாண்டாமல் மதிலைத் தொட முடியாது. யோசனையே வேண்டாம், பட்டதும் காப்பின் பெயர் வாய்க்கு வந்துவிடும். அருமையான 'திருப்பு' சில்லறை மந்திரத்துக்கு வீணாகும்தான். இருந்தாலும் என் ஓட்டு இதற்கே.

இரண்டு பேரும் திருப்பினால்? ஒருமுறைக்கு மேல் திரும்பாது என்று முதலிலேயே எழுதிவையுங்கள்.