மழலையர் வகுப்புச் சுற்றுலா: அமிர்தியா, கோட்டையா, காட்பாடி ரயிலா?

வாரம் ஒரு தலைப்பு, வாரக் கடைசியில் அதையொட்டி ஒரு சிறு சுற்றுலா என்று எல்.கே.ஜி., யு.கே.ஜி. பாடத்தை அமைத்துக்கொண்டால், வேலூரில் இடத்துக்குப் பஞ்சமில்லை. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் வாக்குவாதம். பெற்றோர் அமிர்தி என்பார்கள். செலவு பார்க்கிற நிர்வாகம் கோட்டை என்னும். என் ஓட்டு ரயிலுக்கு.

அமிர்தி வன உயிரியல் பூங்கா ஜவ்வாது மலை அடிவாரத்தில், நகரிலிருந்து சுமார் 25 கி.மீ. தொலைவில் இருக்கிறது. மானும் மயிலும் முதலையும் இருப்பதால் ‘விலங்குகள்’ வாரத்துக்குக் கச்சிதமான இடம்தான். ஆனால் நான்கு வயதுப் பிள்ளைக்கு 25 கி.மீ. என்பது வேறு கணக்கு. வேன் கணியம்பாடியைத் தாண்டுவதற்குள் ஒன்று வாந்தி எடுக்கும், அதைப் பார்த்து இன்னொன்று எடுக்கும். போய்ச் சேர்ந்ததும் எல்லாருக்கும் பசி. மான் நிழலில் படுத்துக் கிடக்க, பிள்ளைகள் தின்பண்டப் பைக்குக் குறிவைக்கும் குரங்கைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அங்குள்ள அருவியில் தண்ணீர் மழைக்காலத்தோடு சரி. இரண்டாம் வகுப்புக்கு வரட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

கோட்டை பக்கத்திலேயே இருக்கிறது, தரை சமம், ஓடியாட இடம் உண்டு. 16ஆம் நூற்றாண்டுக் கட்டுமானம் என்பதோ, 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தது இங்கேதான் என்பதோ இந்த வயதில் காதில் ஏறாது; ஏற்ற முயலவும் வேண்டாம். ‘நம் ஊர்’ வாரத்துக்கு ஒரே மதிலுக்குள் கோயிலும் தேவாலயமும் மசூதியும் பார்த்தாலே போதும். ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூணில், சிங்க உடலும் யானைத் துதிக்கையும் கலந்த கற்பனை விலங்கான யாளியைக் காட்டி ‘இது என்ன?’ என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். சிங்கம் என்று ஒரு கட்சி, யானை என்று ஒரு கட்சி, நடுவில் டைனோசர் என்று ஒரு குரல். மறுநாள் படம் வரையும் தாளில் அந்தச் சண்டை தொடரும். அருங்காட்சியகத்தை விட்டுவிடலாம். வெள்ளிக்கிழமை அதற்கு விடுமுறை. மற்ற நாள்களிலும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதைத் தொடக்கூடாது என்றால் இவர்களுக்கு அங்கே என்ன வேலை? அகழி ஓரம் மட்டும் கவனம்: ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பெரியவராவது வேண்டும்.

ஸ்ரீபுரம் பொற்கோயிலையும் சிலர் சொல்கிறார்கள். கோயிலைச் சுற்றி நட்சத்திர வடிவில் நீளும் அந்த நடைபாதையில் சிறு கால்களை நடக்க வைப்பது பாவம்.

இனி ரயில். காட்பாடியிலிருந்தே புறப்படும் விழுப்புரம் பாசஞ்சரில் ஏறி, வேலூர் கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கிவிட வேண்டும். அவ்வளவுதான் பயணம். வண்டி அங்கிருந்தே கிளம்புவதால் முண்டியடிக்காமல் ஏற்றி உட்கார வைக்க முடியும். ஐந்து வயது நிரம்பாதவர்களுக்கு டிக்கெட் தேவையில்லை. நிரம்பியவர்களுக்கு வாங்கி, அவரவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். அந்தத் துண்டுக் காகிதத்தை எவ்வளவு இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று பாருங்கள்.

‘போக்குவரத்து’ வாரம் முழுவதற்கும் இது தீனி போடும். திங்கட்கிழமையிலிருந்தே வகுப்பறையில் சிவப்பு, பச்சை விளக்கு, வரிசையில் நிற்பது, தீப்பெட்டிகளை ஒட்டிப் பெட்டி எண்ணுவது. ஸ்டேஷனில் அதே மூன்றும் நிஜமாக எதிரே நிற்கும். சி.எம்.சி. மருத்துவமனைக்காக வங்காளத்திலிருந்து வந்திறங்கும் குடும்பங்கள் பேசுவது காதில் விழும். உலகத்தில் தமிழல்லாத பேச்சும் உண்டு என்பதை எந்த அட்டைப் படமும் இவ்வளவு எளிதாகச் சொல்லாது. பிறகு பாலாற்றுப் பாலம். சக்கரச் சத்தம் சட்டென்று மாறும், எல்லாரும் ஜன்னலுக்குப் பாய்வார்கள், கீழே மணல். ‘ஆறு எங்கே மிஸ்?’ என்று கட்டாயம் ஒரு குரல் வரும். அடுத்த வாரத் தலைப்பைத் ‘தண்ணீர்’ என்று வைத்துவிடலாம்.

குறையில்லாமல் இல்லை. காட்பாடி பெரிய ஜங்ஷன், கூட்டம் நெரியும். கண்டோன்மென்டில் வண்டி அதிக நேரம் நிற்காது. இரண்டு கதவிலும் ஆள் நிறுத்தி, இறங்கியதும் தலை எண்ண வேண்டும். பாசஞ்சர் வண்டிகள் குறைவு, நேரமும் மாறும் என்பதால் முதல் நாளே விசாரித்து வைப்பது நல்லது. பள்ளி வேன் கண்டோன்மென்ட் வாசலில் முன்கூட்டியே வந்து நிற்கட்டும். மதியச் சாப்பாட்டுக்குள் பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள்.