டிப்ளோமா முடித்தால் வேலை பாஸ் வருமா? ஏமாந்தவன் எழுதுகிறேன்

அக்கா மகன் போன மாதம் தஞ்சாவூருக்குத் திரும்பிவிட்டான். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் வழியனுப்பும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் இங்கே படிக்கப் பணம் கட்டியவன் நான். பதினைந்து ஆண்டுகளாக இந்த ஊரில் இருந்துகொண்டு ஆள் சேர்க்கும் ஒரு கல்வி முகவரின் பேச்சில் விழுந்தேன் என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் அவர் இன்னும் பட்டுக்கோட்டைப் பக்கம் கூட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார்.

அக்காவிடம் அவர் சொன்னது இதுதான்: “எட்டு மாத டிப்ளோமா, அம்மா. முடித்த கையோடு கல்லூரியே வொர்க் பெர்மிட் எடுத்துக் கொடுத்துவிடும். படிக்கும்போதே பகுதிநேர வேலை. சாப்பாட்டுச் செலவு அதில் ஓடிவிடும்.” கல்லூரி என்று அவர் சொன்னது ஒரு தனியார் பள்ளியை. நான் தொலைபேசியில் துருவியபோது அதன் எடுடிரஸ்ட் தரச் சான்று முத்திரையைக் காட்டினார். முத்திரை உண்மைதான். அது இல்லாத தனியார் பள்ளி வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கவே முடியாது. பள்ளியை ஒழுங்காக நடத்துகிறார்கள் என்பதற்கான சான்று அது. வேலைக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. எனக்கு அப்போது அது உறைக்கவில்லை.

பையன் வந்த இரண்டாம் வாரம் இங்கே லிட்டில் இந்தியாவில், தேக்காவில், ஒரு சாப்பாட்டுக் கடையில் மாலை வேலை கேட்டான். முதலாளி கரண்டியைக் கீழே வைக்காமலே, “எந்தப் பள்ளி?” என்றார். பெயரைச் சொன்னான். “தம்பி, உன்னை அடுப்படியில் நிறுத்தினால் எனக்கு அபராதம், உனக்கு ஊர் டிக்கெட். தோசை சாப்பிட்டுவிட்டுப் போ.” அவர் சொன்னது சரி. தேசியப் பல்கலைக்கழகம் போன்று மனிதவள அமைச்சின் பட்டியலில் உள்ள நிலையங்களின் மாணவர்கள் தவணைக் காலத்தில் வாரம் 16 மணி நேரம் வேலை செய்யலாம். பெரும்பாலான தனியார் பள்ளிகள் அந்தப் பட்டியலில் இல்லை. அங்கே படிப்பவர்கள் விடுமுறையில்கூட வேலை செய்யக் கூடாது.

படிப்பு முடிந்த பிறகுதான் முழுக் கதையும் வெளுத்தது. வேலை பாஸுக்கு மனிதவள அமைச்சிடம் விண்ணப்பிக்க வேண்டியது வேலைக்கு எடுக்கும் முதலாளி, கல்லூரி அல்ல. உயர்நிலை வேலைகளுக்கான எம்பிளாய்மெண்ட் பாஸுக்கு 2025 ஜனவரி முதல் குறைந்தது 5,600 சிங்கப்பூர் வெள்ளி மாதச் சம்பளம் வேண்டும், அதற்கு மேல் தகுதிக்குப் புள்ளி போடும் முறை வேறு. இடைநிலை வேலைகளுக்கான எஸ் பாஸுக்கு 2025 செப்டம்பர் முதல் 3,300 வெள்ளி. அதிலும் சேவைத் துறை நிறுவனம் தன் ஊழியர்களில் 10 விழுக்காட்டுக்கு மேல் எஸ் பாஸில் வைத்திருக்க முடியாது. ஒவ்வொருவருக்கும் மாதாமாதம் அரசாங்கத்துக்குத் தீர்வையும் கட்ட வேண்டும். எட்டு மாதம் படித்த பையனுக்காக யார் அதைச் செலவழிப்பார்கள்? முகவர் சொன்ன அந்த வொர்க் பெர்மிட்டில்தான் நம் ஊர்ப் பையன்கள் கட்டுமானத் தளத்துக்கும் கப்பல் பட்டறைக்கும் வருகிறார்கள். அதற்கு டிப்ளோமாவே வேண்டாம்!

பள்ளி அலுவலகத்தில் போய்ச் சத்தம் போட்டேன். முகப்பில் இருந்த பெண் ஒப்பந்தத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். “வேலை வாங்கித் தருவதாக எந்தப் பக்கத்தில் இருக்கிறது, சார்?” எந்தப் பக்கத்திலும் இல்லை. பள்ளி மூடப்பட்டால் கட்டணத்துக்குப் பாதுகாப்புத் திட்டம் உண்டு என்று இருந்தது. முகவர் தனியாக வாங்கிய இரண்டு லட்ச ரூபாய் அந்தக் கணக்கிலேயே வராது. அதற்கு எங்களிடம் இருப்பது பென்சிலில் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு.

அதே ஒப்பந்தத்தில், கையெழுத்திட்ட பின் 7 வேலை நாளுக்குள் மனம் மாறினால் விலகிக்கொள்ளலாம் என்றும் தெளிவாக அச்சிட்டிருந்தது. நாங்கள் அதைப் படித்தது ஒன்பதாவது மாதத்தில்.