நுரைக்கும் காசா? பிராக் நகரத்துப் பீர்க்கடைகள்

கொழிஞ்சாம்பாறையில் பிறந்து வளர்ந்தவனுக்குக் குடி வகைகளைப் பற்றிக் கொஞ்சம் கர்வம் இருப்பது இயல்பு. கேரளத்தின் கள்ளுக்கடைகளில் பெரும்பாலானவற்றுக்குச் சரக்கு போவது பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்துத் தென்னந்தோப்புகளிலிருந்துதான். (ஆந்திரத்துச் சித்தூரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இது எங்கள் சித்தூர்.) எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை இருப்பதால், ஞாயிற்றுக்கிழமைகளில் வேலந்தாவளம், கோபாலபுரம் வழியாக வந்து நிற்கும் தமிழ்நாட்டு வண்டிகளை எண்ணிப் பார்த்தே ஷாப்பில் இடம் கிடைக்குமா என்று நாங்கள் முடிவு செய்துவிடுவோம். இந்தக் கர்வத்தோடுதான் நானும் என் மைத்துனரும் சென்ற செப்டம்பரில் எட்டு நாள் விடுமுறைக்குச் செக் நாட்டின் தலைநகரான பிராகுக்குப் போனோம். மைத்துனர் தோப்புக்காரர், அறுபது மரங்களைக் கள்ளுக்கு விட்டிருக்கிறார். காலையில் இறக்கிய கள்ளையும் முந்தின நாள் அந்தியில் இறக்கியதையும், வாயில் வைக்காமலே, முகர்ந்து பார்த்துப் பிரித்துச் சொல்லிவிடுவார். ஆகவே இந்த விமரிசனத்தில் பாதி அவருடைய மூக்கு எழுதியது என்றே வைத்துக்கொள்ளலாம்.

பீரைப் பற்றி எங்களுக்கு அதுவரை இருந்த அறிவு, 650 மில்லி பாட்டிலும் அதன்மேல் ஒட்டியிருக்கும் ‘ஸ்ட்ராங்’ என்ற சொல்லும் மட்டுமே. நன்றாகக் குளிர்ந்திருந்தால் நல்ல பீர், குளிராவிட்டால் கெட்ட பீர். தலைக்கு இவ்வளவு பீர் என்று கணக்குப் பார்த்தால் பல ஆண்டுகளாக உலகில் முதலிடத்தில் இருக்கும் நாட்டுக்கு இந்த அறிவோடு போவது, பட்டாம்பியிலிருந்து கிளம்பித் தஞ்சாவூர்க்காரனுக்கு நெல்லைப் பற்றிப் பாடம் சொல்லப் போவது போலத்தான்.

முதல் குழப்பம் எண்களில் வந்தது. கடைகளின் பட்டியலில் ஒவ்வொரு பீருக்கும் பக்கத்தில் 10 என்றோ 12 என்றோ ஓர் எண்ணும் ஒரு பாகைக் குறியும் இருக்கின்றன. பன்னிரண்டு என்பதைச் சாராயத்தின் விழுக்காடு என்று எடுத்துக்கொண்ட மைத்துனர், “மாமா, இதுல ரெண்டு குடிச்சா ரூமுக்கு வழி தெரியாதுங்க” என்று பத்தையே கேட்டு வாங்கினார். உண்மையில் அந்த எண் புளிக்க வைப்பதற்கு முந்தைய நிலையைக் குறிக்கிறது. முளைகட்டிய பார்லியை ஊறவைத்துக் காய்ச்சி வடித்த இனிப்புச் சாறு நூறு கிராம் எடுத்தால், அதில் பன்னிரண்டு கிராம் கரைந்த சத்து, பெரும்பாலும் சர்க்கரை, இருக்கிறது என்பதே பொருள். இந்த அளவையை வகுத்தவர் 19ஆம் நூற்றாண்டில் பிராகில் வாழ்ந்த வேதியியலாளர் கார்ல் பாலிங். பத்து என்றால் ஏறக்குறைய 4 விழுக்காடு சாராயம். பன்னிரண்டு என்றால் அதைவிடச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். இதை விளக்கியதும் மைத்துனர் சட்டென்று பிடித்துக்கொண்டார்: தெளுவில், அதாவது புளிக்காத பதநீரில், எவ்வளவு இனிப்பு இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் கள்ளின் வீரியம் என்பது அவருக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். மறுநாளிலிருந்து பன்னிரண்டுதான்.

எட்டு நாட்களில் நாங்கள் ஏறி இறங்கிய கடைகளில் மூன்று முறை திரும்பிப் போனது ஒன்றுக்குத்தான்: பழைய நகரத்தில், ட்லௌஹா என்னும் தெருவில் இருக்கும் லோகால். ட்லௌஹா என்றால் நீளம் என்று பொருள். கடையும் ரயில் பெட்டிகளைக் கோத்தாற்போல நீண்டுகொண்டே போகிறது. இங்கே கிடைப்பது டாங்க் பீர். புட்டியிலோ பீப்பாயிலோ அடைக்கும் பீரைச் சூடாக்கிக் கிருமி நீக்குவது வழக்கம். டாங்க் பீரை அப்படிச் செய்வதில்லை. ஆலையிலிருந்து பால் வண்டி போன்ற லாரியில் வந்து, கடையின் எஃகுத் தொட்டிக்கு நேராக மாறிவிடுகிறது. தொட்டிக்குள் ஒரு பெரிய பை இருக்கிறது. பீர் இருப்பது அந்தப் பைக்குள். பைக்கும் தொட்டிச் சுவருக்கும் இடையில் காற்றை அழுத்தினால், பை பிழியப்பட்டுப் பீர் குழாய்க்கு ஏறும். பீரின்மேல் காற்று படுவதே இல்லை. சூடாக்காத பண்டமானதால் நாள் கணக்கில் விற்றுத் தீர்த்தாக வேண்டும். கூட்டமில்லாத கடைக்கு இந்த வித்தை கட்டுப்படியாகாது. கள்ளுக்கடைக்கும் இதே விதிதான் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தத் தொட்டியில் இருப்பது பில்ஸ்னர் உர்குவெல். பிராகுக்குத் தென்மேற்கே தொண்ணூறு கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் பில்சென் நகரத்தில், 1842ஆம் ஆண்டு அக்டோபரில், ஜோசப் குரோல் என்னும் பவேரியக்காரர் முதன்முதலில் காய்ச்சிய பொன்னிறப் பீர் இது. அதற்கு முன் அந்த வட்டாரத்துப் பீர் கறுத்தும் கலங்கியும் இருந்தது. இன்று உலகம் முழுக்க, எங்கள் ஊர்க் கடை உட்பட, மஞ்சளாகத் தெளிந்து விற்கும் பீர்களெல்லாம் இதன் பேரன் பேத்திகள். ஆனால் பாட்டியின் கைப்பக்குவம் பேரன்களுக்கு வரவில்லை என்பதை முதல் மடக்கிலேயே தெரிந்துகொண்டோம். முதலில் வருவது கசப்புதான், ஆனால் நாக்கைச் சுருக்குகிற பாகற்காய்க் கசப்பாக அது இல்லை. வேப்பம்பூ ரசத்தில் நெய்யோடு சேர்ந்து வருமே, அந்தப் பதமான கசப்பு. செக் நாட்டின் ஷாடெட்ஸ் பகுதியில் விளையும் சாஸ் என்னும் ஹாப்ஸ் கொடியின் பூக்கள் தரும் கசப்பு அது. அந்த ஊரும் அதைச் சுற்றியுள்ள கொடித் தோட்டங்களும் 2023இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியிருக்கின்றன. கசப்புக்குப் பின்னால் ரொட்டி மேலோட்டின் மணமும், உருகும் வெண்ணெயின் சாயலும் மெல்ல வருகின்றன. ஊறலில் ஒரு பங்கைத் தனியே எடுத்துக் கொதிக்கவைத்து மறுபடி அதிலேயே சேர்ப்பதை மூன்று முறை செய்கிறார்கள் என்பதால்தான் இந்தக் கனம். சாராயம் 4.4 விழுக்காடுதான். மூன்று கோப்பைக்குப் பின்னும் பேச்சு குழறுவதில்லை. அதனால் பேச்சு நீள்கிறது.

இனி நுரை. எங்கள் ஊரில் பீரை ஊற்றும்போது டம்ளரைச் சாய்த்துப் பிடித்து, நுரை வராமல் ஊற்றுகிறவன்தான் கெட்டிக்காரன். நுரையோடு கொடுத்தால் அளவில் ஏய்க்கிறான் என்று பொருள். லோகாலில் குழாயடியில் நின்ற இளைஞர் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தோம். கண்ணாடிக் கோப்பையை முதலில் குளிர்ந்த நீரில் அலசினார். பிறகு குழாயின் மூக்கைக் கோப்பைக்குள் விட்டு, முதலில் நுரையை மட்டும் இறக்கினார். அந்த நுரைக்கு அடியில் குழாயை மூழ்கடித்து, அதன்பின்தான் பீரைத் திறந்தார். பீர் மேலே ஏற ஏற நுரைதான் அதற்கு மூடி. மூன்று விரல் பருமனுக்கு, கறந்த பாலின் மேல் நிற்பது போல ஈரமாக, கனமாக, குமிழியே தெரியாத நுரை. குடிக்கக் குடிக்க ஒவ்வொரு மடக்குக்கும் கோப்பையின் உட்சுவரில் ஒரு வெள்ளை வளையம் நின்றுவிடுகிறது. மைத்துனர் ஏழு மடக்கில் முடித்தார் என்பதை அந்த வளையங்களை எண்ணியே சொன்னேன். கோப்பையில் எண்ணெய்ப் பிசுக்கோ சோப்பின் மிச்சமோ இருந்தால் இந்த வளையம் விழாது. அதனால் பில்லைப் பார்ப்பதற்கு முன் வளையத்தைப் பார்க்கலாம்.

ஒரே குழாயிலிருந்து மூன்று விதமாக ஊற்றுகிறார்கள். மேலே சொன்னதற்கு ஹ்லாடிங்கா என்று பெயர். பெரிய கோப்பையில் பீரைக் குறைத்து நுரையைக் கூட்டினால் ஷ்னிட். மூன்றாவது ம்லீகோ, அதாவது பால். பெயருக்கேற்ப கோப்பை முழுக்க நுரை, அடியில் ஒரு விரல் பீர். இதற்கும் காசு உண்டு என்றதும் மைத்துனர் என்னை முறைத்தார். நுரை கலைவதற்குள் ஒரே மூச்சில் குடித்துவிட வேண்டும் என்றார்கள், குடித்தார். உதட்டுக்கு மேல் வெள்ளை மீசையோடு சற்று நேரம் பேசாமல் இருந்தவர், “கசப்பே இல்லீங்க மாமா. விடியக்காலத்துல கலயத்துல இருந்து நேரா வாய்ல ஊத்துற மாதிரி இனிக்குதுங்க” என்றார். புதுக் கள் பொங்கி நுரைப்பதைப் பார்த்து அது உயிரோடு இருக்கிறது என்று சொல்கிறவர்கள் நாங்கள். பீர் என்று வந்ததும் நுரையை ஏன் சந்தேகப்பட்டோம் என்று எனக்கே விளங்கவில்லை.

மற்றக் கடைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யாகுப் பிங்காஸ் என்னும் தையற்காரர் 1843இல் பில்செனிலிருந்து பீப்பாய்களை வரவழைத்து, பின்னர் ஊசி நூலையே கைவிட்டு நடத்திய ஊ பிங்காசூ, இன்றும் அதே பீரோடு இருக்கிறது. செக் மொழியில் ‘ஊ’ என்றால் இன்னாரிடம், இன்னார் கடையில் என்று பொருள். வெளிநாட்டுக்காரர்களும் ஊர்க்காரர்களும் கலந்து உட்காரும் இடம். முதல் நாளுக்கு ஏற்றது. பொன் புலி என்று பொருள்படும் பெயருடைய ஊ ஸ்லாடேஹோ டிக்ராவுக்கு 1994இல் அதிபர் வாட்ஸ்லாவ் ஹாவெல் அமெரிக்க அதிபர் கிளிண்டனை அழைத்து வந்தார். எங்களுக்கு நிற்க மட்டுமே இடம் கிடைத்தது. பழகிய முகங்களுக்கென்று இருக்கைகள் ஒதுக்கியிருப்பது கொழிஞ்சாம்பாறை ஷாப்பிலும் உண்டு என்பதால் வருத்தமில்லை.

ஊ ஃப்ளேகூ வேறு ரகம். அங்கே பீர் காய்ச்சுவதைப் பற்றிய குறிப்பு 1499இலிருந்தே கிடைக்கிறது. இன்றும் அங்கேயே காய்ச்சி அங்கேயே விற்கிறார்கள். அவர்களுடைய பெயர்பெற்ற பீர் 13 பாகைக் கறுப்பு. நிறத்தைப் பார்த்தால் கஷாயம் என்று தோன்றும். வாயில் வைத்தால் கருப்பட்டிப் பாகு சற்றே தீய்ந்தாற்போலவும், வறுத்த காப்பிக்கொட்டையை மென்றாற்போலவும் இருக்கிறது. ஆனால் தித்திப்பு தொண்டையில் நிற்பதில்லை. நான் இரண்டு குடித்தேன். மைத்துனருக்கு ஒன்றே போதும் என்றாகிவிட்டது: பகலில் குடிக்கிற பண்டம் இது இல்லை என்பது அவர் தீர்ப்பு, நானும் ஒப்புக்கொள்கிறேன். கோட்டைக்கு மேலே ஸ்த்ராஹோவ் மடத்தை ஒட்டிய ஆலையின் செம்மை நிறப் பீர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதற்காகவே மேடேற வேண்டியதில்லை, மடத்தின் நூலகத்தைப் பார்க்கப் போனால் விடவும் கூடாது.

குறை சொல்ல ஒன்று உண்டு. பழைய நகரச் சதுக்கத்தின் அருகே, பெயர் சொல்ல விரும்பாத ஓர் உணவகத்தில், கேட்காமலே ரொட்டிக் கூடையும் சின்னக் கிளாஸ்களில் மூலிகை மதுவும் மேசைக்கு வந்தன. விருந்தோம்பல் என்று நினைத்து இரண்டையும் தீர்த்தோம். பில்லில் இரண்டுக்கும் விலை போட்டிருந்ததோடு, பீரின் விலையும் நான்கு தெரு தள்ளி இருந்ததைப்போல ஏறக்குறைய இருமடங்கு. சதுக்கத்திலிருந்து பத்து நிமிடம் நடந்தால் அரை லிட்டர் எழுபது கொருனாவுக்குள் கிடைக்கிறது. நம் பணத்தில் முந்நூறு ரூபாய்க்குள் அடங்கும். தண்ணீர் கேட்டால் பாட்டில் தண்ணீர்தான் வருகிறது, அதற்கும் காசு.

தொட்டுக்கொள்ள என்ன என்று கேட்பவர்களுக்கு: எண்ணெயிலும் வெங்காயத்திலும் மிளகாயிலும் நாட்கணக்கில் ஊறவைத்த பாலாடைக்கட்டி ஒன்று இருக்கிறது, ஹெர்மெலின் என்று பெயர். ஊறுகாய்க்குப் பழகிய நாக்குக்கு அது உடனே பிடித்துப்போகும். ‘மூழ்கியவன்’ என்று பெயர் வைத்து, காடியில் போட்ட பன்றித் தொத்திறைச்சி ஒன்றும் உண்டு. கப்பையும் மத்திக் குழம்பும் அங்கே இல்லையே என்ற ஏக்கம் மூன்றாம் நாள் வந்தது, அதற்கு மருந்தில்லை.

கணக்கு முறை எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. மேசையில் ஒரு காகிதத் துண்டை வைத்து, ஒவ்வொரு பீருக்கும் பரிமாறுகிறவர் ஒரு கோடு கிழிக்கிறார். கோப்பை காலியாவதற்குள் அடுத்தது வந்துவிடும். போதும் என்றால் கோப்பையின் கீழே இருக்கும் அட்டையை எடுத்து அதன் மேலே மூடி வைக்க வேண்டும். இது தெரியாமல் முதல் நாள் மைத்துனர் கையால் போதும் போதும் என்று சைகை காட்டியும் இரண்டு கோப்பை கூடுதலாக வந்தது. வண்டி ஓட்டுகிறவர்களுக்கு அந்த நாட்டில் ஒரு சொட்டுக்கும் சலுகை கிடையாது. இரவெல்லாம் டிராம் ஓடுவதால் அந்தக் கவலை எங்களுக்கு இல்லை.

திரும்பும்போது சுங்கம் அனுமதிக்கும் இரண்டு லிட்டருக்குச் சரியாக நான்கு அரை லிட்டர்ப் புட்டிகள் வாங்கினோம். அதே பில்ஸ்னர், அதே முத்திரை. துணியில் சுற்றிக் கொண்டுவந்து, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, கற்றுவந்தபடி கோப்பையை அலசி, நுரை வரும்படி ஊற்றினேன். மைத்துனர் முகர்ந்தார், ஒரு மடக்குக் குடித்தார், கோப்பையைக் கீழே வைத்தார். “நல்லாத்தானுங்க இருக்குது மாமா. ஆனா இது முந்தாநாள் எறக்குனது.” இரண்டு புட்டிகளைத் திறந்தோம். மற்ற இரண்டும் இன்னும் ஃபிரிட்ஜில் இருக்கின்றன, யாரும் கேட்கவில்லை.