போனில் செருகும் டிஸ்குக்கு கரண்ட் எங்கிருந்து?

திரௌபதி அம்மன் திருவிழாவில் கூத்து ஒரே இரவோடு முடிகிற சங்கதி இல்லை. விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமங்களில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து என்று தொடர்ந்து பல நாள் நடக்கும். ஒவ்வோர் ஆட்டமும் விடியும்வரை போகும். அதைப் போனில் பதிவு செய்கிறவருக்கு எவ்வளவு இடம் வேண்டும்? வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் ஐபோனின் எச்இவிசி முறையில் 1080பி, 30 ஃபிரேம் என்றால் நிமிடத்துக்கு சுமார் 60 எம்பி. 4கே, 30 ஃபிரேம் என்றால் சுமார் 170 எம்பி. எட்டு மணி நேர 4கே பதிவு 80 ஜிபியைத் தாண்டிவிடும். ஆண்ட்ராய்டு போன்களில் இது இன்னும் கூடலாம். 128 ஜிபி போன் இரண்டாவது இரவைத் தாங்காது. ஆகவே காலையில் வெளி டிஸ்கில் காப்பி செய்துவிட்டு, போனில் இருப்பதை அழித்தே ஆக வேண்டும்.

அழிக்கப் போகிறோம் என்பதால்தான் இந்தக் காப்பி கச்சிதமாக இருக்க வேண்டும். லேப்டாப் தூக்கிக்கொண்டு அலையாமல் போனையும் டிஸ்கையும் மட்டும் வைத்துச் செய்யும்போது எழுகிற முக்கியமான கேள்வி, அந்த டிஸ்குக்கு மின்சாரம் யார் தருவது என்பது. போனே தரலாம். ஒய் கேபிள் போட்டுப் பவர் பேங்கிலிருந்து எடுக்கலாம். ஒரு துளையைப் பல துளைகளாக்கித் தரும் ஹப்களில், சார்ஜரைச் செருக இடமுள்ள டைப்-சி ஹப் வைக்கலாம். சுவர் பிளக்கில் ஓடும் ஹப் வைக்கலாம். இவற்றில் பலவற்றை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, இப்போது களத்துக்கு நான் கொண்டுபோவது சின்ன எஸ்எஸ்டி (சில்லுகளில் சேமிக்கும் டிஸ்க்) ஒன்றும் குட்டைக் கேபிள் ஒன்றும்தான். மின்சாரம் போனின் பேட்டரியிலிருந்தே. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஹார்டு டிஸ்க். விலை குறைவு, இடம் அதிகம், அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் உள்ளே தட்டு சுற்ற வேண்டும். நின்றிருக்கும் தட்டைச் சுழலவைக்க, முதல் சில விநாடிகளுக்கு 5 வோல்ட்டில் ஏறக்குறைய ஒரு ஆம்பியர் தேவைப்படும். சுற்றத் தொடங்கிய பிறகு அதில் பாதிகூட ஆகாது. யூஎஸ்பி 2.0 விதிப்படி ஒரு போர்ட் தர வேண்டியது 500 மில்லிஆம்பியர், யூஎஸ்பி 3.0 விதிப்படி 900. போன் இந்த அளவைத் தாண்டித் தருமா என்பது மாடலுக்கு மாடல் மாறும். தராத போனில் செருகினால் டிஸ்கின் விளக்கு எரியும், ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும், தட்டு சுற்ற ஆரம்பித்து நின்றுவிடும், மறுபடி ‘டக்’. டிஸ்க் கெட்டுவிட்டது என்று பலர் நினைத்துவிடுவது இந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான். பெரும்பாலும் அது மின்சாரம் போதாத சத்தம். அதற்காக அப்படியே விட்டுவைக்கவும் கூடாது. அரைகுறை மின்சாரத்தில் திரும்பத் திரும்பச் சுழன்று நிற்பது டிஸ்குக்கு நல்லதில்லை.

ஒய் கேபிளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு முனை டேட்டாவுக்கு, இன்னொரு முனை மின்சாரத்துக்கு. சென்னை ரிச்சி தெருவில் இன்றும் கிடைக்கிறது. யூஎஸ்பி விதிகள் இதை ஏற்பதில்லை என்றாலும், பழைய ஹார்டு டிஸ்கைப் போனில் ஓடவைக்க இது உதவும். சிக்கல் பவர் பேங்கிடம் இருக்கிறது. இழுக்கிற கரண்ட் ரொம்பக் குறைந்துவிட்டால், எதுவும் செருகியில்லை என்று முடிவு செய்து பல பவர் பேங்குகள் தாமாகவே அணைந்துவிடும். வேலை இல்லாமல் டிஸ்க் தூங்கப் போகும் நேரம் அதற்குப் போதும்.

இப்போது டைப்-சி ஹப். ஒருபக்கம் சார்ஜர், மறுபக்கம் போன், நடுவில் டிஸ்க். போனும் சார்ஜ் ஆகும், டிஸ்குக்கும் வயிறு நிறைய மின்சாரம். காகிதத்தில் பார்த்தால் இதைவிட நல்ல வழி இல்லை. நண்பர்கள் பலர் இதைத்தான் வாங்குகிறார்கள், வீட்டு மேசையில் அது நன்றாகவே வேலை செய்கிறது.

களத்தில் கதை வேறு. சார்ஜர் செருகியிருக்கும்வரை ஹப் மின்சாரம் தருகிற பக்கம், போன் வாங்குகிற பக்கம். கரண்ட் போனதும் இந்த உறவு தலைகீழாக வேண்டும்: போன் தர வேண்டும், ஹப் வாங்க வேண்டும். அந்தக் கைமாற்றம் நடக்கும் கண நேரத்தில் 5 வோல்ட் லைன் விழுந்துவிடுகிறது. நமக்கு அது ஒரு இமைப்பொழுது. டிஸ்குக்கோ மின்சாரம் அடியோடு போய் மறுபடி வந்த மாதிரி. காப்பி பாதியில் அறுந்துவிடும், வெளியேற்றாமல் டிஸ்கை எடுத்துவிட்டீர்கள் என்று திரையில் அறிவிப்பு வரும். கரண்ட் திரும்பி வரும்போதும் இதே கூத்து நடக்கும். இதைத் தவிர்க்க வேகமான கைமாற்ற முறை ஒன்று யூஎஸ்பி பவர் டெலிவரி விதிகளில் உண்டு. ஆனால் ஹப், போன் இரண்டும் அதை ஆதரித்தால்தான் பலன். கடையில் ஹப் அட்டையைப் புரட்டிப் பார்த்தால் பெரும்பாலும் அதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது.

திருவிழா நடக்கும் கிராமத்தில் காலை ஆறு மணிக்கு நமக்குக் கிடைக்கும் மின்சாரம் எது? மைக் செட்காரருடைய ஜெனரேட்டர். ஆட்டம் முடிந்ததும் அவர் அதை நிறுத்துவார், நிறுத்தத்தான் செய்வார். இல்லாவிட்டால் கோயில் பக்கத்து வீட்டு பிளக் பாயின்ட். அது எப்போது போகும் என்று அந்த வீட்டுக்காரருக்கே தெரியாது. சார்ஜருக்குப் பதில் பவர் பேங்கை ஹப்பில் செருகினால் ஓரளவு தப்பிக்கலாம். அதிலும் ஒன்று உண்டு. போன் நூறு சதவீதம் நிரம்பியதும் இழுக்கும் மின்சாரம் குறையும். சில பவர் பேங்குகள் சரியாக அந்த நேரம் பார்த்து அணைந்துவிடும். கேபிளில் யார் காலாவது பட்டுப் பிடுங்கிக்கொண்டாலும் கதி இதுதான்.

அறுந்தால் அப்போது ஏறிக்கொண்டிருந்த கோப்பு மட்டும்தானே போகும், மறுபடி காப்பி செய்தால் போயிற்று என்று தோன்றலாம். ஆனால் டிஸ்கில் கோப்புகளை அடுக்கிவைக்க நாம் பயன்படுத்தும் எக்ஸ்ஃபேட் முறையில் ஜர்னல் கிடையாது. அதாவது, பாதியில் நின்ற வேலையை எங்கே விட்டோம் என்று பார்த்துச் சரிசெய்துகொள்ள ஒரு குறிப்பேடு அதனிடம் இல்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் எந்த இடம் காலி, எந்த இடத்தில் எது இருக்கிறது என்கிற கணக்கே கெடலாம். நேற்று முன்தினம் பத்திரமாக ஏற்றிய இரவும் அதோடு சேர்ந்து கண்ணில் படாமல் போகலாம். அப்போது ஆண்ட்ராய்டு, டிஸ்க் பழுதாகிவிட்டது, ஃபார்மேட் செய்யவா என்று கேட்கும். அந்தப் பொத்தானைத் தொடவே கூடாது. கணினியில் செருகிப் பழுது நீக்கும் வரை டிஸ்கை ஓரமாக வைத்துவிடுங்கள்.

இந்த ஒரே காரணத்துக்காகத்தான் நான் எஸ்எஸ்டி பக்கம் சாய்கிறேன். போனின் பேட்டரி நடுவில் அணையாது. எந்த ஜெனரேட்டரையும் நம்ப வேண்டாம். காப்பி முடியும்வரை தருபவர், வாங்குபவர் மாறாமல் இருப்பார்கள். எஸ்எஸ்டியில் சுற்றும் தட்டு இல்லை, அதனால் தொடக்கத்தில் அந்தத் திடீர் இழுப்பும் இல்லை.

பேட்டரி தாங்குமா என்ற பயம் நியாயமானது, கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 5000 எம்ஏஎச் பேட்டரியில் ஏறக்குறைய 19 வாட்-மணி இருக்கும். எழுதும்போது சின்ன எஸ்எஸ்டி இரண்டரை வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 80 ஜிபி காப்பி ஆக, யூஎஸ்பி 3 போர்ட் உள்ள போனில் நொடிக்கு 200 எம்பி வேகம் கிடைத்தால் ஏழு நிமிடம் போதும். பட்ஜெட் போன்கள் பலவற்றில் டைப்-சி துளை இருந்தாலும் உள்ளே யூஎஸ்பி 2.0 வேகம்தான், ஐபோன் 15-லும் அப்படியே. அங்கே நொடிக்கு 35 எம்பி என்று வைத்தால் நாற்பது நிமிடம் ஆகும். நாற்பது நிமிடத்துக்கு இரண்டரை வாட் என்றால், இழப்பையும் சேர்த்து இரண்டு வாட்-மணி. பேட்டரியில் பத்தில் ஒரு பங்குதான். போனின் சொந்தச் செலவு தனி. இரவெல்லாம் பவர் பேங்கில் போட்டுத்தான் பதிவு செய்கிறோம், ஆகவே விடியும்போது போன் நிறைந்தே இருக்கும். வேஷத்தைக் கலைத்துக்கொண்டே கூத்து வாத்தியார், “தம்பி, ராத்திரி ஆட்டம் பூரா ஏறிடுச்சா?” என்று கேட்கும் நேரத்துக்குள் பாதிக்கு மேல் ஏறியிருக்கும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. கணினிக்குள் பொருத்துகிற என்விஎம்இ என்ற எஸ்எஸ்டி குச்சியைத் தனியாக வாங்கி டப்பாவில் போட்டுக்கொள்வது மலிவு, வேகமும் அதிகம். ஆனால் அவற்றில் சில போன் தரக்கூடியதைவிட அதிகமாக இழுக்கும், சூடும் ஏறும். ஐபோன் 15 வரிசை வெளியே தருவது 4.5 வாட் வரைதான். அதற்குள் அடங்கும் எஸ்எஸ்டியாகப் பார்த்து வாங்குங்கள். கூடவே வரும் குட்டைக் கேபிளையே பயன்படுத்துங்கள். நீளமான சார்ஜிங் கேபிளில் வோல்ட்டும் குறையும், டேட்டா வேகமும் படுத்துவிடும். சில போன்களில், வெளி டிஸ்கை இணைக்க உதவும் ஓடிஜி வசதியை செட்டிங்ஸில் போய் இயக்க வேண்டும், சும்மா இருந்தால் பத்து நிமிடத்தில் தானே அணைந்துவிடும். அப்புறம், டிஸ்க் என்டிஎஃப்எஸ் முறையில் இருந்தால் பல போன்கள் படிக்காது. எஃப்ஏடி32 என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது.

வீட்டுக்கு வந்த பிறகு சுவர் பிளக் ஹப்பும் ஹார்டு டிஸ்கும் வைத்து இரண்டாவது காப்பி எடுப்பதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. பெரிய 3.5 அங்குல டிஸ்க் 12 வோல்ட் கேட்கும், அதற்கென்றே அடாப்டரோடு வரும். போனின் வேலை டேட்டா அனுப்புவது மட்டும். இன்வெர்ட்டர் உள்ள வீடாக இருந்தால் இன்னும் நல்லது.

ஹப் இல்லாமல் முடியாத வேலையும் ஒன்று உண்டு. ஐபோன் 15 ப்ரோ முதல், அதிகம் சுருக்காத ப்ரோரெஸ் வீடியோவை நேராக வெளி டிஸ்கிலேயே பதியலாம். 4கே, 30 ஃபிரேமில் நிமிடத்துக்கு 6 ஜிபி போகும், ஒரு முழு இரவுக்குக் கட்டுப்படியாகாது. கலைஞர்கள் அரிதாரம் பூசி, கட்டைகள் எனப்படும் மர அணிகளைக் கட்டி வேஷம் போடுகிற காட்சிக்கு மட்டும் இதைப் பயன்படுத்தியிருக்கிறேன். ஒரே நேரத்தில் எழுதவும் வேண்டும், சார்ஜும் ஏற வேண்டும் என்பதால் அங்கே ஹப்தான். பவர் பேங்கை முதலில் செருகி, பிறகு போனைச் செருகி, கேபிள்களை டேப் போட்டு ஒட்டிவிட்டு, பதிவு முடியும்வரை எதையும் தொடுவதில்லை. குறுகிய நேரத்துக்கு இது சரியாக நின்றது. மணிக்கணக்கில் சூட்டோடு தாங்குமா என்பதற்கு என் அனுபவத்தை வைத்து உத்தரவாதம் தர மாட்டேன்.