டாங்க் பிரிண்டரா, லேசரா: கச்சான் காற்று அடிக்கிற ஊரில் எது தாங்கும்?

மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிகுடியில் உயர்தர வகுப்பு எடுக்கிற எனக்கு வீட்டில் ஒரு பிரிண்டர் இல்லாமல் சரிவராது. ரியூட் (பிள்ளைகளுக்குக் கொடுக்கிற பாடக் குறிப்புத் தாள்), மாதிரி வினாத்தாள், புள்ளித்திட்டம் என்று ஏதாவது அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் மை ஊற்றுகிற டாங்க் பிரிண்டர் வைத்திருந்தேன். போன வருடம் அதைக் கொடுத்துவிட்டுக் கறுப்பு மட்டும் அடிக்கிற லேசருக்கு மாறினேன். இப்போது என் சாய்வு லேசர் பக்கம்தான்.

எல்லாருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். கலரும் போட்டோவும் வேண்டுமென்றால் டாங்க். வேகமும் கூரான எழுத்தும் வேண்டுமென்றால் லேசர். ஒரே ரியூட் நூற்றுக்கணக்கில் வேண்டுமென்றால் இரண்டும் வேண்டாம், ஒரே பக்கத்தை வேகமாகப் பல பிரதி எடுக்கிற ரிசோ மெஷின் வைத்திருப்பவரிடம் கொடுங்கள். அதில் ஒரு பக்கத்துக்கு ஒரு மாஸ்டர், அதாவது ஒரு அச்சுத் தகடுதான், பிரதி கூடக்கூட ஒன்றின் செலவு இறங்கிக்கொண்டே போகும்.

கடைக்காரர் டாங்க் பிரிண்டரை விற்கும்போது சொல்வது பக்கச் செலவுக் கணக்கு. எப்சனின் 003 கறுப்பு மைப் போத்தலில் 65 மில்லிலீட்டர் இருக்கும், அது 4,500 பக்கம் வரை வரும் என்கிறது கம்பனி. லேசரில் மைக்குப் பதிலாகப் போடுகிற டோனரில், எச்பியின் பழைய 12ஏக்குச் சொல்வது 2,000 பக்கம். கணக்கு என்று பார்த்தால் டாங்க்தான் வெல்லும், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கணக்கு தினமும் ஓடுகிற பிரிண்டருக்குப் பொருந்தும். ரியூசன்காரரின் பிரிண்டர் அப்படி ஓடுவதில்லை. பரீட்சை நெருங்கும்போது இரவு பகலாக வேலை, லீவு விட்டால் வாரக்கணக்கில் தூக்கம்.

அந்தத் தூக்கம்தான் டாங்க் பிரிண்டருக்கு எமன். மை தெறிக்கிற ஹெட்டில் உள்ள துளைகள் தலைமயிரைவிட மெல்லியவை. மையில் பெரும்பங்கு தண்ணீர். தண்ணீர் ஆவியானால் சாயம் துளையிலேயே காய்ந்து அடைத்துவிடும். இதைத் தடுக்கத்தான் வேலை முடிந்ததும் ஹெட் ஓரத்துக்குப் போய் ஒரு ரப்பர் மூடியின் மேல் உட்கார்ந்துகொள்கிறது. பட்டனை அழுத்தி நிறுத்தினால் ஒழுங்காகப் போய் உட்காரும். அடித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால்? நடுவழியில் திறந்த வாயோடு நின்றுவிடும். வைகாசி, ஆனியில் கச்சான் என்கிற வறண்ட தென்மேல் காற்று அடிக்கும்போது நம் பக்கத்தில் துணி எவ்வளவு சீக்கிரம் காய்கிறது என்று நினைத்துப் பாருங்கள். அதே காற்றுத்தான் ஹெட்டிலும் படுகிறது.

அடைத்தால் கிளீனிங் போடு என்பார்கள். போடலாம்தான். ஆனால் கிளீனிங் என்பது எல்லா நிற மையையும் உறிஞ்சிக் கொட்டுவது. மஞ்சள் ஒன்று மட்டும் அடைத்திருந்தாலும் நீலமும் சேர்ந்து போகும். கொட்டிய மை உள்ளே ஒரு பஞ்சுப் பெட்டியில் சேரும். எவ்வளவு சேர்ந்தது என்று பிரிண்டர் தானே எண்ணிக்கொண்டிருந்து, கணக்கு நிரம்பியதும் இனி அடிக்க மாட்டேன் என்று நின்றுவிடும். விலை கூடிய சில மாடல்களில் அந்தப் பெட்டியை நாமே மாற்றலாம். மலிவான மாடல்களில் ரிப்பேர்காரரிடம் கொண்டுபோய்ப் பஞ்சையும் மாற்றிக் கணக்கையும் அழிக்க வேண்டும். கிளீனிங்குக்கும் அசையாமல் ஹெட்டே போய்விட்டால் செலவு பெரிது. எனக்குச் சொன்ன விலைக்கு இன்னும் கொஞ்சம் போட்டால் புதுப் பிரிண்டரே வந்திருக்கும். கனனின் ஜி வரிசையில் ஹெட்டை நாமே கழற்றி மாற்றலாம், அது ஒரு நல்ல விஷயம். டாங்க்தான் வேண்டும் என்று நிற்பவர்கள் அந்தப் பக்கம் பார்க்கலாம்.

லேசரில் காய்வதற்கு எதுவும் இல்லை. டோனர் என்பது பிளாஸ்டிக் தூள். ஒரு மாதம் மூடி வைத்துவிட்டுத் திறந்தாலும் முதல் பக்கமே கறுப்பாக வரும். ஒரு லீவு முடிந்து நான் முதலில் கவனித்தது இதைத்தான், அதற்கே காசு கொடுக்கலாம் என்று தோன்றியது. மாரி காலத்தில் இன்னொரு லாபம்: டோனர் சூட்டில் உருகித் தாளோடு ஒட்டிவிடுவதால் நனைந்தாலும் எழுத்து கலங்காது. டாங்க் இருந்த காலத்தில் மழையில் சைக்கிளில் வந்த பிள்ளை, "சேர், ரியூட் எல்லாம் கரைஞ்சு போச்சு" என்று நீலம் பாய்ந்த தாளை நீட்டியதுண்டு. சில டாங்க் மாடல்களில் கறுப்பு மட்டும் நுண்ணிய நிறத்தூள் கலந்த பிக்மெண்ட் மை, அது அவ்வளவாகக் கரையாது.

லேசருக்கும் பராமரிப்பு இருக்கிறது. தூள் தீர்ந்தால் ரீஃபில் செய்யலாம், ஆனால் எச்பி, கனன் சின்ன மாடல்களில் தூளைத் தாளுக்குக் கொண்டுபோகிற டிரம் என்ற உருளையும் அதே கார்ட்ரிஜுக்குள் இருக்கிறது. தூளை மட்டும் நிரப்பிக்கொண்டே போனால் டிரம் தேய்ந்து பக்கம் முழுக்கக் கோடு விழும். அப்போது கார்ட்ரிஜையே மாற்றுங்கள், மறுபடி தூள் போட்டுப் பிரயோசனமில்லை. பிரதரில் டோனர் வேறு, டிரம் வேறு, தேய்ந்ததை மட்டும் மாற்றலாம். புதிதாக வாங்குபவர்கள், டோனர் ஒரிஜினலா என்று பார்க்கிற சிப் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். மாடல் பெயரின் கடைசியில் 'இ' என்று வருகிற எச்பி பிளஸ் லேசர்கள் இணைய இணைப்பும் ஒரிஜினல் டோனரும் இல்லாமல் வேலை செய்யாது. ரீஃபிலை நம்பி வாங்குபவருக்கு அது சரிவராது.

கரண்ட் விஷயத்தில் லேசர் தோற்கிறது. சூடேறும் நேரத்தில் பல நூறு வாட் இழுக்கும். கம்ப்யூட்டருக்கு வைத்திருக்கிற சின்ன யூபிஎஸ்ஸில் அதைச் செருகவே கூடாது. டாங்க் பிரிண்டர் அடிக்கும்போதும் சுமார் 15 வாட்தான், சின்ன இன்வேட்டரே போதும். 2022 மார்ச் கடைசியில் 13 மணிநேரம் கரண்ட் வெட்டிய மாதிரி ஒரு காலம் திரும்பி வந்தால் நானும் டாங்க் வைத்திருப்பவரிடம்தான் போய் நிற்பேன்.

இன்னொன்று, இருபக்கமும் தானாக அடிக்கிற வசதி. லேசரில் அதற்காகக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை. ரியூட்டில் தூளைவிடத் தாள்தான் காசைத் தின்கிறது. பழைய எச்பி 1020, கனன் 2900 செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கும், உழைக்கவும் உழைக்கும். ஆனால் இரண்டிலும் வைஃபையும் இல்லை, இருபக்கமும் இல்லை, தாளை நாமே திருப்பிப் போட வேண்டும்.

கலர் லேசரை நான் வைத்திருந்ததில்லை. தெரிந்தவர் கடையில் அடித்துப் பார்த்த சில பக்கங்கள் நன்றாக இருந்தன, ஆனால் நான்கு டோனருக்கு அவர் சொன்ன விலையைக் கேட்டதோடு ஆசை போய்விட்டது. டாங்க் போல டோனரை ஊற்றுகிற லேசரும் வந்திருக்கிறது. அதை இன்னும் தொட்டுப் பார்க்கவில்லை.

ஏற்கனவே டாங்க் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அவசரமாக விற்க வேண்டாம். கிழமைக்கு ஒருதடவை எல்லா நிறமும் வருகிற மாதிரி ஒரு பக்கம் அடியுங்கள். சுவரில் இருக்கிற சுவிட்சில் நிறுத்தாமல் பிரிண்டரின் பட்டனில் நிறுத்துங்கள். அடிக்கும்போது கரண்ட் போனால், வந்த உடனே ஒருமுறை ஓன் செய்துவிடுங்கள். ஹெட் தன் இடத்துக்குப் போய்விடும்.