ஊரில் ஆட்டோமேட்டிக் கார் மக்கர் பண்ணினால்: ஒரு டிசிஎம் மாற்றிய கதை

திருச்சி பக்கம் துவாக்குடி தாண்டியதுமே டாஷ்போர்டில் கியர் எண் மின்ன ஆரம்பித்தது. வேகத்தைக் குறைத்தேன்; வண்டி இரண்டு குலுக்கு குலுக்கிவிட்டு அணைந்தது. மறுபடி ஸ்டார்ட் ஆகவில்லை. பிரேக்கை மிதித்துச் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சத்தமே இல்லை. பக்கத்து சீட்டில் இருந்த அப்பா, “ஆட்டோமேட்டிக் வேணாம்னு அன்னைக்கே சொன்னேன்” என்றார். அவர் சொல்லவில்லை. இருந்தாலும் நடுரோட்டில் அதை விவாதிக்க முடியுமா.

வண்டி ஏஎம்டி (ஆட்டோமேட்டட் மேனுவல் டிரான்ஸ்மிஷன்) வகை. உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்ச் மிதிப்பதையும் கியர் போடுவதையும் நமக்குப் பதிலாக ஆக்சுவேட்டர் என்ற கருவி செய்கிறது. அதற்கு உத்தரவு போடும் கை அகலப் பெட்டிதான் டிசிஎம் (டிரான்ஸ்மிஷன் கன்ட்ரோல் மாட்யூல்). ஆக்சிலரேட்டர், பிரேக் ஸ்விட்ச், வண்டியின் வேகம், கியர் இருக்கும் நிலை எல்லாம் அதற்கு வந்து சேரும். 2014-ல் மாருதி செலிரியோவில் வந்த பிறகு இந்த வகை நம்மூரில் பெருகிவிட்டது. எங்களுடையது வேறு கம்பெனி, பெயர் வேண்டாம். முழங்கால் வலியோடு ஓட்டுகிற பெற்றோருக்கு என்னைப் போல வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் வாங்கித் தருவது பெரும்பாலும் இதைத்தான் என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

ரோடு சைடு அசிஸ்டன்ஸில் வந்த பையன் முதலில் கயிறு கட்டி இழுக்கத்தான் பார்த்தான். டிசிஎம் செத்துப்போனால் வண்டி கியரிலேயே மாட்டிக்கொள்ளும். லீவரை நியூட்ரலில் வைத்தாலும் உள்ளே ஒன்றும் நகராது. முன் சக்கரம் இழுக்கும் வண்டி என்றால் முன்பக்கத்தைத் தூக்கித்தான் கொண்டுபோக வேண்டும், இல்லாவிட்டால் பிளாட்பெட்டில் ஏற்ற வேண்டும். இதை போனிலேயே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அவர்கள் கயிறோடுதான் வருவார்கள்.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் போட்டார்கள். பி0700, யு0101 என்று இரண்டு எரர் கோடு (code). அரை மணி நேரத்தில் எஸ்டிமேட் வந்தது: கியர்பாக்ஸ் அசெம்ப்ளி, ஆக்சுவேட்டர், டிசிஎம், லேபர், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. வண்டியை விற்றால் கிடைப்பதில் பாதி அதிலேயே போய்விடும். எந்த டெஸ்ட் செய்து முடிவு செய்தீர்கள் என்று கேட்டேன். “ஸ்கேனர்லயே வந்திருக்கு சார்” என்றார் அட்வைசர்.

ஸ்கேனரில் அப்படி ஒன்றும் வரவில்லை. பி0700 என்பது, கியர் பக்கம் ஏதோ கோளாறு, உள்ளே போய்ப் பார் என்று இன்ஜின் கம்ப்யூட்டர் போடும் பொதுவான தகவல். யு0101 என்றால் டிசிஎம்மின் குரல் மற்ற கம்ப்யூட்டர்களுக்குக் கேட்கவில்லை என்று அர்த்தம். பெட்டி செத்திருக்கலாம். பியூஸ் போயிருக்கலாம், எர்த் துருப்பிடித்திருக்கலாம், பேட்டரி இளைத்திருக்கலாம், எலி வயரைக் கடித்திருக்கலாம். இந்த இரண்டு கோடுகளில் எதுவும் கியர்பாக்ஸின் பல்சக்கரங்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேட்டரியைக்கூடத் தொட்டுப் பார்க்காமல் அசெம்ப்ளி எஸ்டிமேட் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. வண்டியை வெளியே எடுத்துக்கொண்டோம்.

மாமாவுக்குத் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர். தகரக் கூரை, ஒரு மல்டிமீட்டர், நல்ல ஸ்கேனர் ஒன்று. அவர் முதலில் கேட்ட கேள்வி: “வண்டி போர்டிகோவிலேயே நின்னுச்சா தம்பி?” நின்றது. பிள்ளைகள் வரும்போது மட்டும் ஓடும் வண்டிகள் எல்லாம் அப்படித்தான். முழு சார்ஜில் 12.6 வோல்ட் இருக்க வேண்டிய பேட்டரி 12.1-ல் இருந்தது. ஸ்டார்ட் செய்யும் நொடியில் வோல்டேஜ் ரொம்பவும் இறங்கினால் நல்ல டிசிஎம்கூட மயங்கி விழுந்து பொய்க் கோடு போடும் என்றார். வேறு பேட்டரி மாட்டி, கோடுகளை அழித்துவிட்டு ஓட்டினோம். வண்டி ஜம்மென்று ஓடியது. அதோடு முடிந்தது என்று நினைத்தோம். சூடேறியதும் அதே மின்னல், அதே குலுக்கல்.

அடுத்து அவர் செய்ததை நான் பக்கத்தில் நின்றே பார்த்தேன். டொராண்டோவில் நான் வண்டி விடும் இடத்தில் இன்சூரன்ஸைக் காரணம் சொல்லி வேலை நடக்கும் இடத்துக்குள் விட மாட்டார்கள். இங்கே ஸ்டூல் போட்டுக் கொடுத்தார்கள். டிசிஎம் சாக்கெட்டைக் கழற்றி, பவர் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவில் மீட்டர் வைத்தார்: 12 வோல்ட் காட்டியது. அவருக்கு அது போதவில்லை. ஒரு பழைய பிரேக் லைட் பல்பில் இரண்டு வயர் கோத்து அதே இடத்தில் வைத்தார். வயருக்குள் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் 12 என்றுதான் சொல்லும். பல்பு இழுக்கும் கரண்டைத் தாங்காமல் அந்த இழை காட்டிக்கொடுத்துவிடும். பல்பு பளிச்சென்று எரிந்தது, அசைத்தும் ஆட்டியும் பார்த்தாலும் மங்கவில்லை. பவரும் எர்த்தும் சுத்தம்.

சாக்கெட்டைத் திரும்ப மாட்டிவிட்டு, பேட்டரியைக் கழற்றி, ஸ்டீயரிங்குக்குக் கீழே ஸ்கேனர் மாட்டும் ஓபிடி போர்ட்டில் 6-ஆம் பின்னுக்கும் 14-ஆம் பின்னுக்கும் நடுவே ஓம்ஸ் பார்த்தார். கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசும் கேன் லைன் அந்த இரண்டு பின்தான். முனைக்கு ஒன்றாக இரண்டு 120 ஓம் ரெசிஸ்டர் இருப்பதால் சேர்ந்து 60 வர வேண்டும். 120 காட்டினால் ஒரு முனை அறுந்திருக்கிறது, பூஜ்யத்தை ஒட்டி வந்தால் வயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 60 வந்தது. எலி ஒரு இடத்தில் தோலை மட்டும் கடித்துவிட்டுப் போயிருந்தது, செம்பு தப்பித்திருந்தது. அதற்கு டேப் சுற்றினார்.

கடைசியில் வீட்டிலிருந்து ஹேர் டிரையர் கொண்டுவரச் சொன்னார். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்கேனரை டிசிஎம்மோடு பேசவிட்டு லைவ் டேட்டாவை ஓடவிட்டு, பெட்டியின் மேல் மட்டும் சூடு காட்டினார். கொஞ்ச நேரத்தில் எண்கள் உறைந்து ‘தொடர்பு இல்லை’ என்று வந்தது. ஈரத்துணி போட்டு ஆறவிட்டார், தொடர்பு திரும்பியது. மறுபடி சூடு, மறுபடி போனது. உள்ளே போர்டில் ஏதோ சால்டர் விட்டிருக்கிறது, சூட்டில் விரிந்ததும் தொடுப்பு போகிறது. “கியர்பாக்ஸ்ல ஒண்ணும் இல்ல தம்பி. இந்த டப்பா மட்டும்தான்.”

எவ்வளவு என்று கேட்டேன். “பார்த்துச் சொன்னதுக்கு என்ன காசு? வேலை பார்த்தாத்தானே” என்றார். ஊர் சர்வீஸில் என் பெரிய குறையே இதுதான். கனடாவில் கண்டுபிடிப்பதற்கென்றே தனியாக மணிக்கூலி போடுவார்கள், பல்லைக் கடித்துக்கொண்டு கொடுப்போம். இங்கே கண்டுபிடிப்பது ஓசி. அப்புறம் கடைக்காரன் எதில் சம்பாதிப்பான்? பாகம் விற்றுத்தான். அதனால்தான் சந்தேகம் வந்த எல்லாவற்றையும் மாற்று என்கிற எஸ்டிமேட் வருகிறது. வற்புறுத்தி அரை நாள் கூலிக்குக் குறையாமல் கொடுத்தேன், பார்த்த அளவுகளைத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டேன்.

மாற்றுவதற்கு மூன்று வழி சொன்னார். போர்டைக் கழற்றிச் சால்டர் வைக்கலாம்; எத்தனை நாள் தாங்கும் என்று அவரே பொறுப்பேற்கவில்லை, அப்பா தனியாக ஓட்டும் வண்டிக்கு அது வேண்டாம் என்றேன். சென்னை புதுப்பேட்டையில் பழையது தேடலாம். ஆனால் பாக நம்பரும் சாஃப்ட்வேரும் பொருந்த வேண்டும். சில வண்டிகளில் பெட்டி பழைய சேசிஸ் நம்பரோடு பூட்டப்பட்டிருக்கும். மிச்சம் புதியது. புதியதற்குக் கம்பெனி சர்வரில் ஏறிக் கோடிங் செய்ய வேண்டும், அதாவது இந்த வண்டிக்கான சாஃப்ட்வேரைப் பெட்டிக்குள் ஏற்ற வேண்டும்; அந்த வசதி அவரிடம் இல்லை. சுற்றி வந்து நின்றது அதே சர்வீஸ் சென்டர் வாசலில்.

இந்த முறை தாளை நீட்டினேன். அட்வைசர் உள்ளே போய் ஒரு சீனியர் டெக்னீஷியனைக் கூட்டி வந்தார். அவர் படித்துவிட்டு மறுபேச்சு பேசவில்லை. எஸ்டிமேட்டில் டிசிஎம்மும் கோடிங்கும் மட்டும் மிஞ்சின. பாகம் டெப்போவிலிருந்து வரவேண்டியிருந்தது. ரிட்டர்ன் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு இந்த வேலையை ஆரம்பிக்காதீர்கள்.

மாட்டுவது பத்து நிமிட வேலை. கோடிங் ஏறும்போது வோல்டேஜ் இறங்கிவிட்டால் புதுப் பெட்டியே வீணாகும் என்று பேட்டரிக்கு சப்போர்ட் சார்ஜர் போட்டார்கள், சேசிஸ் நம்பரை எழுதினார்கள். அதற்கப்புறம்தான் சொதப்பல். ஓட்டிப் பார்த்தால் ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது தலை முன்னால் போய் வந்தது. “ஓட்ட ஓட்ட செட் ஆயிடும் சார்.” பாதி உண்மை. டிசிஎம் போகப்போகத் தன்னைத் திருத்திக்கொள்ளும்தான். ஆனால் கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது, ஒவ்வொரு கியரும் எங்கே இருக்கிறது என்பதைப் புதுப் பெட்டிக்கு முதலில் ஸ்கேனர் வழியாகக் கற்றுத்தர வேண்டும். லேர்னிங் செய்தீர்களா என்று கேட்டேன். பதில் வரவில்லை, வண்டி உள்ளே போனது. ஹேண்ட்பிரேக் போட்டு, ஐடிலில் வைத்து, கிளட்ச் டச் பாயின்ட் லேர்னிங்கும் கியர் லேர்னிங்கும் முடித்துக் கொடுத்த பிறகு ஓட்டினால் வேறு வண்டி. ஏஎம்டிக்கே உரிய சின்னத் தலையாட்டல் இருக்கிறது, அது போகாது.

வண்டி வெளியே வருவதற்கு முன் கேட்டு வாங்கியவை: கோடு ஏதும் இல்லை என்று காட்டும் ஸ்கேன் ரிப்போர்ட், புதுப் பாகத்தின் நம்பர் எழுதிய பில், பழைய டிசிஎம். பில்லை ஆர்சியில் உள்ளபடி அப்பா பெயரில் போடச் சொன்னேன், நான் இல்லாதபோது வாரன்டிக்கு அலையப்போவது அவர்தான். இளைத்த பேட்டரியையும் மாற்றியாகிவிட்டது. போர்டிகோவில், நிற்கும் வண்டியின் பேட்டரி இறங்காமல் பார்த்துக்கொள்ளும் மெயின்டெய்னர் சார்ஜர் ஒன்று தொங்குகிறது. கரண்ட் பில் ஏறுமே என்று அப்பா அதைக் கழற்றாமல் இருக்க வேண்டும்.